மேலுதட்டுக்கு எட்டு நிமிடம்

1

இந்தக் கதை நான் வெட்டி எறிந்த நான்கு வரிகளிலிருந்து தொடங்குகிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நடுவில் சொன்னால் திருப்பம் மாதிரி ஆகிவிடும். கடைசியில் சொன்னால் மன்னிப்புக் கேட்பது மாதிரி. இரண்டும் வேண்டாம்.

நான் ஒரு வாரப் பத்திரிகையில் வேலை பார்க்கிறேன். வீட்டில் கேட்டால் பிழை திருத்துகிறேன் என்பேன். அது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை. அந்தப் பத்திரிகையின் பெண்கள் பக்கத்தில் 'தோழி சொல்கிறேன்' என்று ஒரு பகுதி வரும். ஆறு வருடமாக அதை எழுதுவது நான்தான். முந்தைய தோழி கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனபோது, "ஒரு வாரம் மட்டும் சமாளி" என்றார் பொறுப்பாசிரியை. அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. பாத வெடிப்பு, பொடுகு, கண்ணுக்குக் கீழே கருவளையம் என்று எனக்கு வராத கஷ்டங்கள் அத்தனைக்கும் நான் வழி சொல்லியிருக்கிறேன். எல்லாம் வேறு பத்திரிகைகளிலிருந்தும் டியூபுகளின் முதுகிலிருந்தும் பொறுக்கியவை.

(இந்த இடத்தில் 'நான்' என்பவனைப் பெண்ணாக மாற்றிவிடலாமா என்று யோசித்தேன். தோழி நிஜமாகவே தோழியாக இருந்தால் வாசகர்களுக்குக் கோபம் பாதியாகக் குறையும். அதனால்தான் மாற்றவில்லை.)

அந்த வாரத் தலைப்பு: 'முகத்தில் வேண்டாத முடியா? வீட்டிலேயே ஐந்து வழிகள்.' பக்கம் கட்டும் லேஅவுட்காரர் கடைசி நேரத்தில் ஒரு விளம்பரத்தோடு வந்தார். "நாலு வரி எடுத்துக் குடுங்க சார், பக்கம் உக்கார மாட்டேங்குது" என்றார். எடுத்துக் கொடுத்தேன். டீ ஆறுவதற்குள் முடிந்த வேலை.

2

இதற்கு மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

முதலாவது: 'கண்ணாடியில் தெரிந்த முகம் தன்னுடையதுதானா என்று அவள் ஒரு கணம்—'

கண்ணாடி முன்னால் ஒரு பெண் நிற்பதாகத் தொடங்கும் கதை எங்கள் பத்திரிகைக்கு வாரத்துக்குக் குறைந்தது மூன்று வரும். வருத்தக் கடிதத்தோடு அவற்றைத் திருப்பி அனுப்புபவனும் நான்தான்.

இரண்டாவது: 'மனித உடலில் ஏறக்குறைய ஐம்பது லட்சம் மயிர்க்கால்கள் இருப்பதாக—'

இது தோழியின் குரல். எண்ணைப் போட்டு ஆரம்பித்தால் விஷயம் தெரிந்தவள் என்று நம்புவார்கள். அவளை இந்தக் கதைக்குள் விடக் கூடாது.

மூன்றாவது: 'என் அண்ணிக்கு மீசை இருந்தது.'

இது பிடித்திருந்தது. எழுதி முடித்த நேரத்தில் அண்ணி துவைத்த துணிகளோடு அந்தப் பக்கமாகப் போனார். தலையை நிமிர்த்த முடியவில்லை. காகிதத்தை மடித்துவிட்டேன். மேலும், அது சரியான வாக்கியமும் இல்லை. அண்ணியின் மேலுதட்டில் இருந்தது முடி. எல்லோருக்கும் இருப்பதைவிடக் கொஞ்சம் கறுப்பு, ஓரங்களில் கொஞ்சம் அடர்த்தி, தாடையில் நான்கைந்து தனி முடிகள். ஜன்னல் பக்கம் திரும்பினால் தெரியும், விளக்கு வெளிச்சத்தில் தெரியாது. அதற்கு 'மீசை' என்று பெயர் வைத்தது நானில்லை. இப்போது அப்படிக் கூப்பிடுபவர்கள் பதினொரு பேர். எல்லோரும் எட்டு, ஒன்பது வயதுக்காரர்கள்.

3

அண்ணி காது கேளாத பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் ஆசிரியை. பேச்சுப் பயிற்சி அவருடைய பாடம். முகம் கொடுத்துப் பேசுவது என்பது நமக்கெல்லாம் மரியாதையைப் பற்றிய விஷயம். அண்ணிக்கு அது தொழில். அரைவட்டமாகப் போட்ட பதினொரு நாற்காலிகள், நடுவில் அவர், வெளிச்சம் முகத்தில் விழும்படி ஜன்னலைப் பார்த்த மாதிரி உட்கார்ந்திருப்பார். பிள்ளைகள் அவருடைய உதடுகளைப் பார்த்துச் சொற்களைப் பிடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம், வருடத்துக்கு இருநூறு நாள். நம் முகத்தை யாராவது இப்படிப் பார்த்திருக்கிறார்களா என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தப் பிள்ளைகள் தங்களுக்குள் கைகளால் பேசிக்கொள்வார்கள். ஒவ்வொருவரையும் குறிக்க ஒரு சைகை உண்டு. எழுத்தெழுத்தாகப் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்பதால், ஆளைப் பார்த்ததும் கண்ணில் படும் ஒன்றைப் பெயராக வைத்துவிடுவார்கள். தலைமையாசிரியைக்கு மூக்குக்கண்ணாடி. வாசலில் இருக்கும் காவலாளிக்குச் சுண்டுவிரல், அதாவது ஒல்லி. அண்ணிக்கு ஆள்காட்டி விரலால் மேலுதட்டின் மேல் ஒரு இழுப்பு.

இதை அண்ணி பல வருடங்களாகப் பார்த்துவருகிறார். ஒரு வகுப்பு போய் அடுத்த வகுப்பு வந்தாலும் சைகை மாறவில்லை. பேச்சு டீச்சர், அதனால் உதட்டைக் காட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். நியாயமான நினைப்புதான். அவரே தன்னை மற்றவர்களுக்கு அறிமுகம் செய்யும்போது அந்தச் சைகையைக் காட்டியிருக்கிறார். பெற்றோர் கூட்டத்தில்கூட.

ஜூன் மாதம் புதிதாக ஓர் ஓவிய ஆசிரியை வந்தார். அவருக்கும் காது கேளாது. முதல் நாள் இடைவேளையில் அண்ணி புன்னகையோடு, விரலை மேலுதட்டின் மேல் இழுத்து, நான்தான் இது என்று காட்டியிருக்கிறார். ஓவிய ஆசிரியை சிரித்துவிட்டு, உடனே சிரிப்பை நிறுத்தினாராம். அப்புறம் கையிலிருந்த வரைதாளைத் திருப்பி, ஒரு சொல் எழுதி, கேள்விக்குறி போட்டு நீட்டினார்.

'மீசை?'

(இந்தக் காட்சியில் முதலில் அண்ணியின் கண்கள் கலங்குவதாக எழுதியிருந்தேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. "சரி, அடுத்த பீரியட் மணி அடிச்சுது, போயிட்டேன்" என்றுதான் என்னிடம் சொன்னார். கண் கலங்கியது எனக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.)

4

அன்று மாலை துணி மடித்துக்கொண்டே இதை அண்ணனிடம் சொன்னார். நானும் அங்கே இருந்தேன். அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். பிறருடைய பார்வையைச் சோதித்து எண் சொல்வது அவர் தொழில். (இதை நான் வசதிக்காகச் சேர்த்தேன் என்று தோன்றும். வேறு கடையாக மாற்றிப் பார்த்தேன், செருப்புக்கடை, கடிகாரக்கடை. எதுவும் ஒட்டவில்லை, ஏனென்றால் அவர் நிஜமாகவே கண்ணாடிக் கடைக்காரர்.)

"என்னங்க, என் மூஞ்சியில முடி இருக்கா?" என்று கேட்டார் அண்ணி.

அண்ணன் பார்த்தார். வாடிக்கையாளரைப் பார்ப்பதுபோலத் தலையை லேசாகச் சாய்த்து.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"நல்லா பாத்துச் சொல்லுங்க."

"இருந்தா இருக்கும். எனக்குத் தெரியல."

"பதினாலு வருஷமா தெரியலையா?"

"நான் அதையெல்லாம் பாக்கறதில்ல."

அண்ணன் இதை அன்பாகத்தான் சொன்னார். அண்ணி கையிலிருந்த சட்டையை மூன்று முறை மடித்தார். ஏற்கெனவே மடித்த சட்டை.

"அதுங்க எல்லாம் பாக்குதுங்க" என்றார். "பாத்துப் பேரும் வெச்சிருக்குதுங்க. நீங்க பாக்கறதில்ல."

அண்ணனுக்குத் தான் எங்கே தப்பு செய்தோம் என்று புரியவில்லை. உண்மையில் எனக்கும் அன்று புரியவில்லை. அழகைப் பற்றிய வருத்தம் என்று நினைத்துவிட்டேன். அடுத்த வாரப் பக்கத்துக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது என்றும் நினைத்தேன். இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்று இரண்டு முறை அடித்தேன், இரண்டு முறை திரும்ப எழுதினேன். ஆமாம், அந்தக் கட்டுரை எனக்கு அண்ணியின் வாயிலிருந்துதான் கிடைத்தது. போன வேகத்தில் அது அவரிடமே திரும்பி வந்தது.

5

பத்திரிகை வந்த அன்றே அண்ணி அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்துக்கொண்டார். ஆசிரியை என்பதால் பாடம் தயாரிப்பதுபோல ஒவ்வொரு வழியையும் யோசித்தார். எனக்கு எப்படித் தெரியும் என்றால், யோசித்ததையெல்லாம் என்னிடமே சொன்னார். பத்திரிகையில் வேலை செய்பவன் ஒருவன் வீட்டில் இருக்கிறானே.

நூல் போட்டு எடுக்கும் திரெடிங்கை முதலில் தள்ளினார். அதைத் தனக்குத் தானே செய்துகொள்வது கஷ்டம், பார்லருக்குப் போக வேண்டும். தெருக்கோடி பார்லரை நடத்துவது அவர் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா. "நாளைக்கே ஸ்கூல் பூரா தெரிஞ்சிடும், டீச்சர் மீசை எடுக்க வந்தாங்கன்னு."

சாமணத்தால் பிடுங்கிப் பார்த்தார். தாடையில் இருந்த தனி முடிகளுக்கு அது சரியாக இருந்தது. மேலுதட்டில் ஒரு முடிக்கு ஒரு தும்மல், ஒரு சொட்டுக் கண்ணீர். ஏழாவது தும்மலோடு நிறுத்திவிட்டார்.

மெழுகைச் சூடு பண்ணுவது என்றால் பயம். சர்க்கரைப் பாகை ஒருமுறை காய்ச்சினார். அது அடிபிடித்து, பாத்திரத்தைத் தேய்த்ததில் கைதான் வலித்தது.

"ரேசர்?" என்று நான் கேட்டேன். "அதனால முடி தடிமனா வளரும்னு சொல்றதெல்லாம் சும்மா, அண்ணி. நுனி வெட்டுப்பட்டு மொட்டையா இருக்கறதால அப்படித் தோணும், அவ்வளவுதான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் தினம் பண்றேனே."

"அதான் வேண்டாம்கறேன்" என்றார். "தினம் ஷேவ் பண்ணினா அது மீசைதான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

மிச்சம் இருந்தது கிரீம். வலியில்லை, சூடில்லை, பூசித் துடைத்தால் முடிந்தது. கத்தரித்த காகிதத்தை என் முன்னால் வைத்தார். தோழியின் படத்துக்குப் பதிலாக அங்கே ஒரு பூ வரைந்திருக்கும்.

"தம்பி, இந்தத் தோழிங்கறவங்க உங்க ஆபீஸ்தானே?"

"ஆமா."

"எப்படி ஆளு? நம்பலாமா?"

இந்தக் கேள்விக்கு நான் கதையில் பல பதில்கள் சொல்லிப் பார்த்தேன். ஒரு பிரதியில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கதை அங்கேயே முடிந்து எல்லோரும் நலமாக இருக்கிறார்கள். இன்னொரு பிரதியில் போன் அடித்து நான் எழுந்து போய்விடுகிறேன். வீட்டில் நான் சொன்னது இதுதான்:

"அனுபவசாலி, அண்ணி."

6

ஞாயிற்றுக்கிழமை மதியம். அண்ணன் கடையில். நான் கூடத்தில் அச்சுப்பிரதி பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணி கை கால்களுக்கு என்று வாங்கி வைத்திருந்த கிரீமை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனார். போனில் எட்டு நிமிடத்துக்கு மணி வைத்தார். தோழி கட்டம் கட்டிப் போட்டிருந்தாள்: 'மேலுதட்டுக்கு எட்டு நிமிடம் போதும். லேசான குறுகுறுப்பு இயல்பே.'

நான்காவது நிமிடத்தில் எரிந்திருக்கிறது. குறுகுறுப்பு என்று நினைத்தார். ஆறாவது நிமிடத்தில் கண்ணில் நீர் வந்திருக்கிறது. மணி அடிக்கட்டும் என்று வாஷ்பேசின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். சொன்னபடி செய்கிற ஆள். வெளியே நான் ஒரு ஒற்றுப்பிழையைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

மணி அடித்தது. தண்ணீர் ஓடும் சத்தம் வெகுநேரம் நிற்கவில்லை.

கதவைத் திறந்து வந்தபோது மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்குச் சிவந்திருந்தது. மாலைக்குள் அது கொப்புளித்து, இடது ஓரத்தில் தோல் உரிந்து நீர் கசிந்தது. முடி மட்டும் சுத்தமாகப் போயிருந்தது. அந்த விஷயத்தில் தோழி பொய் சொல்லவில்லை.

நான் மருந்துக் கடைக்கு ஓடினேன். கடைக்காரர் போனில் எடுத்த படத்தைப் பார்த்தார். "கால்ல போடறதை மூஞ்சியில போட்டாங்களா?" என்றார். "யாரு சொன்னது போடச் சொல்லி?" என்றார். நான் சில்லறையை எண்ணினேன். களிம்பு கொடுத்தார். மூடாமல் காற்றுப் பட விடச் சொன்னார், மூன்று நாளில் அடங்கவில்லை என்றால் தோல் டாக்டரிடம் போகச் சொன்னார்.

வெட்டிய நான்கு வரிகளை இங்கே போட வேண்டும். கதையில் இதற்கு நல்ல இடம் வேறு இருக்கலாம். ஆனால் படிக்கிறவர்களில் யாராவது இன்று மதியமே கையில் டியூபோடு நிற்கலாம்:

'கை கால்களுக்கான கிரீமை முகத்தில் போடாதீர்கள். முகத்துக்கென்று இருப்பதை மட்டும், அதன் மேல் எழுதியிருக்கும் நேரம் வரை மட்டும் வையுங்கள். முதல் நாளே முழங்கையின் உட்பக்கம் சிறிது பூசி, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். எரிந்தால் மணி பார்க்காமல் உடனே கழுவுங்கள்.'

எட்டு என்ற எண் மட்டும் பக்கத்தில் தங்கிவிட்டது. அது நான் எப்போதோ ஒரு கடையில் கையில் எடுத்துப் பார்த்த டியூபில் இருந்த எண். கால்களுக்கான டியூப்.

(முதல் பிரதியில் இந்த வரிகளை லேஅவுட்காரர் வெட்டியதாக எழுதியிருந்தேன். படிக்க நன்றாக இருந்தது. அவர் கேட்டது நான்கு வரி, எந்த நான்கு என்று அவர் சொல்லவில்லை. அதே பக்கத்தில் நான்கு வரியில் ஒரு நகைச்சுவையும் இருந்தது. அது எனக்குப் பிடித்திருந்ததால் வைத்துக்கொண்டேன்.)

7

திங்கட்கிழமை அண்ணி முகக்கவசம் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனார். காற்றுப் பட விட வேண்டும் என்று கடைக்காரர் சொன்னது அவருக்குத் தெரியும். மூடாமல் போனால் பதினொரு பேர் பார்ப்பார்கள் என்பதும் தெரியும். சளி என்று தலைமையாசிரியையிடம் சொன்னார். பிள்ளைகளிடம் கரும்பலகையில் எழுதினார்: 'டீச்சருக்குச் சளி.'

முதல் நாள் எல்லாவற்றையும் எழுதியே நடத்தினார். இரண்டாம் நாள் பிள்ளைகள் அவரைப் பார்ப்பதை விட்டுவிட்டார்கள். கோபம் கிடையாது. பார்க்க ஒன்றுமில்லை, அதனால் ஜன்னலைப் பார்த்தார்கள், ஒருவர் கையை ஒருவர் பார்த்தார்கள். "நான் அங்க இருக்கேன், ஆனா இல்ல" என்று அன்று மாலை அண்ணி சொன்னார். நான் அச்சுப்பிரதிக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் நடந்ததைச் சொல்வதற்கு முன் ஒரு சின்ன விளக்கம். கண்ணாடி முன் நின்று 'பாடு' என்று சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். பிறகு 'மாடு'. உதடுகள் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். காது கேளாத பிள்ளைக்கு இரண்டும் ஒன்றே. வித்தியாசம் மூச்சில் இருக்கிறது. 'ப' சொன்னால் உதட்டிலிருந்து காற்று வெடித்து வரும், 'ம' மூக்கில் அதிரும். இதைக் காட்ட அண்ணி தன் வாய்க்கு முன்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடித்துக்கொள்வார். 'பாடு' என்றால் காகிதம் துள்ளும். 'மாடு' என்றால் சும்மா இருக்கும்.

முன்வரிசையில் ஒரு சிறுமி. அண்ணி வீட்டில் அவளை ரெட்டைச்சடை என்பார். இரண்டு வருடமாக அவளுக்கு எல்லாமே 'ம'. பந்து மந்து, பல் மல். போன வாரம்தான் முதல்முறையாக அவள் முன்னால் காகிதம் துள்ளியது. அவளே நம்பாமல் நாற்பது தடவை திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். வகுப்பு முழுக்க எழுந்து கையை ஆட்டியது. அவர்கள் கைதட்டுவது அப்படித்தான்.

புதன்கிழமை அவள் எழுந்து வந்து, காகிதத்தைத் தன் வாய்க்கு முன்னால் பிடித்து, 'மாடு' என்றாள். அவள் சொல்ல வந்தது மற்றது. காகிதம் அசையவில்லை. அவள் காகிதத்தைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். எப்படி என்று மறந்துவிட்டது, காட்டு என்று கேட்கிறாள். அண்ணி காகிதத்தைத் தன் முன்னால் பிடித்துக்கொண்டு சொன்னார். முகக்கவசத்துக்கு வெளியே காற்று வரவில்லை. மறுபடி சொன்னார், உரக்கச் சொன்னார். யாருக்குக் கேட்கப் போகிறது? காகிதம் அப்படியே தொங்கியது. சிறுமி தலையாட்டினாள், புரிந்த மாதிரி. அவள் புரிந்துகொண்டது, இரண்டும் ஒன்றுதான் என்று.

அண்ணி முகக்கவசத்தைக் கழற்றினார்.

8

இங்கே எனக்கு ஒரு பிரச்சினை. நான் அந்த அறையில் இல்லை. அண்ணி சொன்னதும், பிறகு பிள்ளைகளிடம் கேட்டு ஓவிய ஆசிரியை எழுதிக் காட்டியதும்தான் என்னிடம் இருக்கிறது. பிள்ளைகள் ஓடிவந்து கட்டிக்கொண்டதாக ஒரு பத்தி எழுதினேன், நன்றாகவே வந்தது. அடித்துவிட்டேன். பிள்ளைகள் அப்படியெல்லாம் செய்வதில்லை. அவர்கள் விசாரித்தார்கள்.

முதலில் எல்லோரும் பார்த்தார்கள். மூன்று நாள் கழித்துக் கிடைத்த முகம், நடுவில் சிவப்பாகப் புண். ஒருவன் கையால் கேட்டான், சூடு பட்டதா? இல்லை, மருந்து. என்ன மருந்து? முடியை எடுக்கிற மருந்து. எந்த முடி? அண்ணி தன் விரலை எடுத்து, புண்ணின் மேல் படாமல், காற்றில் அந்த இழுப்பை இழுத்துக் காட்டினார். தன் பெயரை.

ஏன்? என்றாள் ரெட்டைச்சடை.

பதினொரு பேரும் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். அண்ணி என்னிடம் சொன்னது: "பதில் இருக்குன்னுதான் கையைத் தூக்கினேன், தம்பி. தூக்கின கை அப்படியே நின்னு போச்சு. அசிங்கமா இருக்குன்னு சொன்னா, இத்தனை நாள் அசிங்கத்தையா பாத்துக்கிட்டிருந்தோம்னு நினைக்கும். நீங்க பேர் வெச்சதால தான்னு சொன்னா, தப்பு பண்ணிட்டோம்னு நினைக்கும். ரெண்டும் நிஜமில்ல. நிஜம் என்னன்னு எனக்கே தெரியல."

பிறகு வேறு ஒரு விவாதம் தொடங்கியது. முடி போய்விட்டதால் டீச்சர் பெயர் என்ன ஆகும்? ஒருவன் புதுப் பெயர் வைக்கலாம் என்றான், 'புண்' என்று. இரண்டு பேர் ஒத்துக்கொண்டார்கள். புண் ஆறிவிட்டால் மறுபடி மாற்ற வேண்டுமே என்றாள் இன்னொருத்தி. கடைசியில் காவலாளியைப் பேச்சுக்குள் இழுத்தார்கள். அவர் வேலைக்குச் சேர்ந்தபோது ஒல்லி. இப்போது நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளுக்கும் நடுவே அடங்க மாட்டார். ஆனால் பெயர் இன்னும் சுண்டுவிரல்தான். பெயர் என்றால் பெயர், ஆள் எப்படி மாறினாலும் அது அப்படியே இருக்கும். இதில் யாருக்கும் சந்தேகமில்லை.

அண்ணிக்குச் சிரிப்பு வந்து, சிரித்ததில் புண் இழுத்து வலித்திருக்கிறது. அதோடு பாடத்துக்குத் திரும்பினார். பதினைந்தாவது முறையோ இருபதாவது முறையோ காகிதம் துள்ளியது. எத்தனையாவது என்று அவர் எண்ணவில்லை. நானும் ஓர் எண்ணைப் போடப்போவதில்லை.

9

அன்று மாலை இதையெல்லாம் அவர் சொல்லி முடித்த பிறகு நான் சொன்னேன். பெரிய தைரியம் ஒன்றுமில்லை. அவர் காகிதத்தைப் பற்றிச் சொன்ன இடத்தில் எனக்கு உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

"அண்ணி, அந்தத் தோழி நான்தான்."

அவர் களிம்பு டியூபை மூடினார்.

"எத்தனை நாளா?"

"ஆறு வருஷம்."

"பாத வெடிப்பு?"

"அதுவும் நான்தான்."

வெட்டிய வரிகளையும் சொன்னேன். வைத்துக்கொண்ட நகைச்சுவையைப் பற்றியும் சொன்னேன். அது என்ன என்று கேட்டார். அவரே கத்தரித்து வைத்த காகிதத்தை எடுத்து, விரல் வைத்துத் தேடி, அதன் கடைசி வரியைப் படித்தார்:

"'ஒரு வீட்டுக்கு ஒரு மீசை போதாதா, தோழிகளே?' இதுவா?"

"அது."

மறுபடி ஒருமுறை படித்தார். விடைத்தாளைப் படிக்கிற மாதிரி.

"இது நல்லாக்கூட இல்லையே, தம்பி" என்றார்.

நான் எதிர்பார்த்த கோபம் வந்திருந்தால் தாங்கியிருப்பேன். இரண்டு நாள் அவர் என்னிடம் தேவைக்கு மட்டும் பேசினார். மூன்றாம் நாள், "அடுத்த வாரமே திருத்தம் போடு. உங்க ஆபீஸ்ல மாட்டேன்னா நானே வந்து கேக்கறேன்" என்றார். பொறுப்பாசிரியை மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னார். தோழி தப்பு செய்தால் அப்புறம் யார் நம்புவார்கள் என்று கேட்டார். தோழி ஓர் ஆண் என்று எழுதட்டுமா, இல்லை, திருத்தம் போடட்டுமா என்று நான் கேட்டேன். திருத்தம் வந்தது. சின்ன எழுத்தில், நாற்பத்தாறாம் பக்கத்தில். அச்சுக்குப் போகுமுன் அண்ணி சிவப்பு மையில் இரண்டு இடத்தில் திருத்திக் கொடுத்தார். 'எரிச்சல் ஏற்பட்டால்' என்பதை அடித்துவிட்டு 'எரிந்தால்' என்று போட்டார். திடீரென்று முடி அதிகமானால் டாக்டரைப் பார்க்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தார்.

அடுத்த வாரம் மூன்று கடிதங்கள் வந்தன. மூன்று பேருக்கும் சுட்டிருந்தது. ஒருவர் தன் கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு பூசியிருக்கிறார். அந்தக் கடிதங்களுக்கு நான் என் சொந்தப் பெயரில் பதில் எழுதினேன். இரண்டு பேர் மறுபடி எழுதவில்லை. கல்யாணப் பெண் மட்டும் ஒரு வரி எழுதினார்: 'நீங்கள் ஆண் என்பது எனக்கு முதலிலேயே தெரியும்.'

10

இனி முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

முதல் முடிவில் அண்ணி எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார். முடி வளர்கிறது, வளரட்டும் என்று இருக்கிறார். இது பலருக்குப் பிடிக்கும். என் நண்பர்களில் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு 'சபாஷ்' என்றார். அவர் தினமும் இருமுறை சவரம் செய்பவர்.

இரண்டாம் முடிவில் அண்ணி நேராகத் தெருக்கோடி பார்லருக்குப் போய், மாணவியின் அம்மா முன்னால் முகத்தை நிமிர்த்தி உட்காருகிறார். ஊருக்குத் தெரியட்டும் என்று. இதுவும் நல்ல முடிவுதான். நூல் சரசரக்கும் சத்தத்தோடு முடிக்கலாம்.

மூன்றாம் முடிவில் அண்ணன் ஒரு நாள் பூதக்கண்ணாடி பொருத்திய விளக்கை வீட்டுக்குக் கொண்டுவந்து, "இப்படித் திரும்பு, நான் எடுத்து விடறேன்" என்று சாமணத்தோடு உட்காருகிறார். பதினாலு வருடத்தில் முதல்முறையாகப் பார்க்கிறார். இதை எழுதிவிட்டு நானே மூன்று முறை படித்துப் பார்த்தேன், அவ்வளவு பிடித்திருந்தது. அதனாலேயே சந்தேகமாகவும் இருக்கிறது.

இவற்றில் ஒன்று நடந்தது. அல்லது மூன்றும் கலந்து ஒன்று. எனக்குத் தெரியும், நான் அதே வீட்டில்தான் இருக்கிறேன்.

கையெழுத்துப் பிரதியை அண்ணியிடம் கொடுத்தேன். அவர் சம்மதம் இல்லாமல் அச்சுக்கு அனுப்புவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். ஒரு சனிக்கிழமை விடிந்ததிலிருந்து உட்கார்ந்து படித்தார். ரெட்டைச்சடையின் சடையைப் பற்றி நான் எழுதியிருந்த இரண்டு வரியை அடித்தார். அண்ணனைக் கொஞ்சம் முட்டாளாக்கிவிட்டாய் என்றார். கடைசிப் பக்கத்துக்கு வந்து நிறுத்தினார். அங்கே உண்மையில் நடந்ததை எழுதியிருந்தேன், அவர் இப்போது எந்த வழியைப் பின்பற்றுகிறார், எத்தனை நாளைக்கு ஒருமுறை, எதுவும் செய்யாமல் இருக்கிறாரா, எல்லாம். ஒன்றரைப் பக்கம்.

"இது வேண்டாம்" என்றார்.

"அதுதான் அண்ணி முடிவு."

"அது என் மூஞ்சி, தம்பி."

"படிக்கிறவங்க கேப்பாங்களே, கடைசியில என்னதான் பண்ணினாங்கன்னு."

"கேக்கட்டும். நீ இதைப் போட்டேன்னா, அதுதான் சரின்னு நாலு பேரு அதையே செய்வாங்க. அவங்க தோல் வேற, என் தோல் வேற. அவங்களை யாரு பாக்கறாங்க, எதுக்கு எடுக்கணும்னு நினைக்கறாங்க, எல்லாமே வேற." ஒன்றரைப் பக்கத்தையும் மடித்து, தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "உனக்கு வேணும்னா மூணையும் அப்படியே விட்டுடு. யாருக்கு எது வேணுமோ எடுத்துக்கட்டும். எதுவும் வேண்டாம்னாலும் சரி."

அன்று பள்ளியில் பெற்றோர் கூட்டம் இருந்தது. செருப்பு மாட்டிக்கொள்ள வாசலில் நின்றவர், வாரை இழுத்துவிட்டு நிமிர்ந்து, எதையோ மறந்ததுபோல என் பக்கம் திரும்பினார். பத்து மணி வெயில் நேராக முகத்தில் விழுந்தது. அவர் முகத்தை மறைத்துக்கொள்ளவில்லை, அவசரப்படவும் இல்லை. நான் பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.

பார்த்தேன். நன்றாகவே தெரிந்தது.